ஏழரை விழுக்காடு

ஏழரை என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர் சனியனை நினைக்கின்றனர். ஏழரை ஆண்டு பிடித்து ஆட்டும் என்று சோதிடர் சொன்னதை நம்பி, எள்ளும் எண்ணெயும் வாங்கி, மகளின் கல்லூரிக்கென ஒதுக்கிய காசைக்கூடத் திருநள்ளாற்றுக்கு வழிச்செலவாக்கும் தந்தையரை நாம் அறிவோம். நாம் இங்கே ஆராயப் புகுந்தது அந்த ஏழரையை அன்று. இது வானத்திலே சுற்றுவதில்லை. அரசிதழிலே அச்சாகி இருக்கிறது. சனி பிடித்துவிடுமோ என்று அஞ்சும் அதே வீட்டார், இந்த ஏழரை நம் பிள்ளையைப் பிடிக்காதா என்று ஏங்கிக் கிடக்கின்றனர். விந்தையான நாடு!

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலே படித்த மாணாக்கருக்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் நூற்றுக்கு ஏழரையைத் தனியே ஒதுக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் சொல்கிறோம். கவிதையையும் கதையையும் நிறுத்துப் பார்க்கும் தராசிலே சட்டத்தையும் வைப்பதா என்று தோழர்கள் கேட்கலாம். ஏன் வைக்கக் கூடாது? கதையிலே ஒரு சொல் பிசகினால் சுவை கெடும், அவ்வளவே. சட்டத்திலே ஒரு சொல் பிசகினால் ஒரு பெண் வீட்டோடு முடங்குவாள். பானை வாங்குகிறவள் தட்டிப் பார்த்து வாங்குகிறாள். சட்டத்தின் சொற்களையும் அப்படித் தட்டிப் பார்த்தால் தவறில்லை.

மருத்துவக் கல்லூரியின் வாயிலிலே எப்போதும் ஒரு காவலன் நின்றான். பெயர்தான் மாறி மாறி வந்தது. ஒரு காலத்தில் அவன் பெயர் நேர்முகத் தேர்வு. பாடங்களுக்கு 200 மதிப்பெண், முகம் பார்த்துப் பேசுவதற்கு 75 மதிப்பெண் என்றிருந்த முறை 1970-ல் உச்சநீதிமன்றம்வரை சென்று சந்தி சிரித்தது. உழைத்துப் படித்தவன் இரண்டு மதிப்பெண்ணுக்கு மல்லாடுகையில், உட்கார்ந்து பேசியவனுக்கு எழுபத்தைந்து வரை அள்ளிக் கொடுக்க வழி! யார் வீட்டுப் பிள்ளை என்பதை முகத்திலேயே படித்துக்கொள்ள எவ்வளவு வசதியான ஏற்பாடு! பின்னர் 1984-ல் அவனே நுழைவுத் தேர்வு என்ற பெயரில் வந்தான். பேராசிரியர் மு. அனந்தகிருட்டிணன் குழு ஆராய்ந்து சொன்னதைக் கொண்டு 2006-ல் சட்டமன்றம் சட்டம் செய்தது; 2007-ல் குடியரசுத் தலைவரின் இசைவு வந்தது; காவலனை வீட்டுக்கு அனுப்பினோம். பத்தாண்டு கழித்து, 2017-ல், நீட் என்ற பெயரோடு அவன் மீண்டும் வந்து நின்றான். இம்முறை அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் இடம் தில்லி. 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதாவை அந்த ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று நாம் இழந்தோம். அந்தப் பெயரை இந்த நாட்டு மாணாக்கர் மறக்கவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். வாயில் திறந்திருந்த அந்தப் பத்தாண்டிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அணியணியாக உள்ளே போய்விடவில்லை. நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளிலே, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டாண்டும் உருப்போட்டு, பணம் கட்டி மதிப்பெண் ஈட்டியவர் பலர் போயினர். கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன வட்டாரமாயிற்றே, அவற்றுக்கு ஊரார் "பிராய்லர் பள்ளி" என்று பொருத்தமாகவே பெயர் சூட்டினர். ஆகவே, நீட் ஒழிந்தால் எல்லாம் சரியாகும் என்று மேடையில் முழங்கிவிட்டு இறங்குவது போதாது. நோய் அதற்கு முன்பே இருந்தது. நீட் அதை முற்றவைத்தது. எவ்வளவு முற்றவைத்தது என்பதை நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-ல் எடுத்துக்காட்டியது: ஊர்ப்புறத்தார், தமிழ்வழி படித்தோர், வருவாய் குறைந்தோர், அரசுப் பள்ளியினர் ஆகிய எல்லோர் பங்கும் சுருங்கிற்று. முன்னே பத்தில் ஒருவர் அளவாக இருந்த 'மறுமுறை எழுதுவோர்' பத்தில் ஏழுபேர் அளவுக்குப் பெருகினர். ஓராண்டோ ஈராண்டோ சும்மா இருந்து, பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்டி மறுபடி எழுத எந்த வீட்டுப் பிள்ளையால் இயலும்? மாமரத்தடியிலே மாலைப் பொழுதெல்லாம் முந்திரி உடைத்துக் கொடுக்கிற தாயின் பிள்ளையாலா?

2019-ல் மருத்துவப் படிப்பிலே இடம் பெற்ற அரசுப் பள்ளி மாணாக்கர் ஆறு பேர். ஆறே பேர்! மாநிலத்துப் பிள்ளைகளிலே நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் அரசுப் பள்ளியிலே. இந்த வெட்கக்கேட்டைத் துடைக்கத்தான், ஓய்வுபெற்ற நீதிபதி பி. கலையரசன் தலைமையில் குழு அமைத்தனர். குழு சொன்னது நூற்றுக்குப் பத்து. அமைச்சரவை எழுதியது ஏழரை. இடையிலே இரண்டரை எங்கே போயிற்று? பத்து ஏன் பொருந்தாது, ஏழரை ஏன் பொருந்தும் என்பதற்கு மனம் ஒப்பும் விடை இன்றுவரை நமக்குக் கிடைக்கவில்லை. ஏழரையும் எளிதில் வந்துவிடவில்லை. 2020 செப்டம்பர் 15-ல் சட்டமன்றம் ஒருமனமாய் நிறைவேற்றிய சட்டம் ஆளுநர் மாளிகையிலே ஒன்றரை மாதம் உறங்கிற்று. கலந்தாய்வுக் காலம் நெருங்கவே, அக்டோபர் 29-ல் அரசு தானே ஓர் ஆணை பிறப்பித்தது. மறுநாள் ஆளுநர் கையொப்பமிட்டார்! ஒன்றரை மாதம் கிடைக்காத பேனா ஒரே இரவில் கிடைத்துவிட்டது!

சட்டத்தின் நல்லதை முதலில் சொல்வோம். அதன் அமைப்பு நல்ல அமைப்பு. ஏற்கனவே உள்ள 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டை அது தொடவில்லை. நெசவாளியிடம் கேட்டால் எளிதில் விளக்குவான்: சாதிவாரி ஒதுக்கீடு பாவு, இது அதனூடே குறுக்கே ஓடும் ஊடு. பிற்பட்டோர், மிகப் பிற்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பொதுப்பிரிவினர் என ஒவ்வொரு பிரிவிலும் ஏழரை பங்கு அந்தந்தப் பிரிவின் அரசுப் பள்ளி மாணாக்கருக்கு. ஒருவர் பங்கைப் பறித்து மற்றவருக்குத் தரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கடைசிப் பந்தியிலே நின்ற பிள்ளைக்கு இலை போட்டது. முதலாண்டிலேயே, ஆறாக இருந்த எண்ணிக்கை பல் மருத்துவ இடங்களையும் சேர்த்து நானூற்றை எட்டியது. எந்த மந்திரமும் ஓதவில்லை, எந்த யாகமும் வளர்க்கவில்லை. ஒரு சட்டப் பிரிவு போதுமாயிருந்தது.

ஆனால் அந்த முதலாண்டுக் கலந்தாய்விலேயே ஒரு கொடுமை நிகழ்ந்தது. 2020 நவம்பரில், தனியார் கல்லூரிகளில் இடம் கிடைத்த சிலர், கட்டணத் தொகையைக் கேட்டுத் திகைத்து, கிடைத்த இடத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினர். கையிலே ஆணை, கண்ணிலே நீர். செய்தி பரவி நாடு கொதித்த பின்னரே கட்டணத்தை அரசு ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. வாசலைத் திறந்தவர்களுக்குப் படி உயரமாயிருப்பது முன்னமே தெரியாதா? 2021-ல் நீதியரசர் டி. முருகேசன் ஆணையத்தின் அறிக்கையைக் கொண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே ஏழரையை விரித்தபோது, முந்தைய பாடம் பயன்பட்டது. கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே செலுத்தும் என்று செப்டம்பரிலேயே சொல்லிவிட்டனர். அதைப் பாராட்டுகிறோம். இரு வேறு கட்சிகளின் ஆட்சி, ஒன்று தொடங்கியதை மற்றொன்று தொடர்ந்தது. இது நம் நாட்டு அரசியலில் அடிக்கடி காணக்கிடைக்கும் காட்சியன்று.

இனி, தட்டிப் பார்க்கும்போது எங்கே ஓட்டைச் சத்தம் கேட்கிறது என்று சொல்வோம்.

"அரசுப் பள்ளி" என்ற சொல்லிலே கேட்கிறது.

நாம் எழுதுவது கொட்டாரத்திலிருந்து. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையில், அகத்தீசுவரம் தாலுகாவிலே உள்ள ஊர். கொட்டாரம் என்றால் அரண்மனை. திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியின் நினைவு பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சமத்தானத்திலே 1817-ல் ராணி கௌரி பார்வதிபாய், குடிகளின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்கவேண்டும் என்று ஆணையிட்டதாக வரலாறு பெருமை பேசும். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் குடிகள் என்றால் யார்? பனையேறியின் மகன் குடியா? புலையன் மகள் குடியா? தோளிலே சீலை போட்ட குற்றத்துக்காகப் பெண்களை அடித்து உதைத்த நாடு இது. அந்தச் சினத்திலே பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினர். 1859-ல் அரசறிக்கை வரும்வரை அந்தப் போராட்டம் ஓயவில்லை. அதற்கு ஐம்பது ஆண்டு கழித்தும், புலையர் பிள்ளைகளைப் பள்ளியிலே சேர்க்க மறுத்தபோது, "எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் இல்லையேல் உங்கள் வயலிலே வேலை இல்லை" என்ற நிலையெடுத்து உழவுத் தொழிலாளரைத் திரட்டி நிறுத்தவேண்டியிருந்தது அய்யன்காளிக்கு. கூலி உயர்வுக்கு வேலைநிறுத்தம் எந்த நாட்டிலும் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஓர் இடத்துக்காக ஏரைக் கீழே வைத்த கூட்டம் இந்த மண்ணின் கூட்டம்.

அரண்மனை கட்டாத பள்ளியை யார் கட்டினர்? கொட்டாரத்துக்கு அண்மையிலுள்ள மயிலாடியிலே 1809-ல் ரிங்கல்தௌபே என்ற செருமானியப் பாதிரியார் கோயில் எழுப்பினார், பள்ளியும் வைத்தார். கோயிலிலே நமக்கு வேலை இல்லை, பள்ளியை நினைக்கிறோம். அவருக்குப் பின்வந்தோரும், பிற சபையினரும், பின்னாளிலே ஊரவர் சேர்ந்து அமைத்த சங்கங்களும் வரிசையாகப் பள்ளிகள் அமைத்தனர். விரட்டப்பட்டவன் எந்தத் திண்ணையில் இடம் கிடைத்ததோ அந்தத் திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினான். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களிலே முதலிடம். அந்த முதலிடத்துக்குப் பின்னே நிற்பவற்றுள் பெரும்பங்கு இப்பள்ளிகளுடையது. இன்று அவற்றுள் பல அரசு உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது. பாடநூலை அரசு தருகிறது. நண்பகல் சோற்றை அரசு போடுகிறது. படிக்கும் பிள்ளை மட்டும், ஏழரைச் சட்டத்தின் கண்ணுக்கு, அரசின் பிள்ளை அன்று!

ஒரே தெருவிலே இரண்டு பெண்கள். இருவர் தந்தையரும் ஒரே செங்கற்சூளையில் வேலை. ஒருத்தி ஆறாம் வகுப்பிலே அரசுப் பள்ளியில் சேர்ந்தாள். மற்றவள் உதவிபெறும் பள்ளியில் சேர்ந்தாள். காரணம் என்ன? பெரிய நெடுஞ்சாலையைக் கடக்காமல் போகலாம் என்று தாய் நினைத்தாள், அவ்வளவே. ஏழாண்டு கழித்து இருவரும் ஒரே மதிப்பெண்ணோடு நிற்கின்றனர். ஒருத்திக்கு ஏழரை உண்டு, கட்டணம் இல்லை, விடுதி உண்டு. மற்றவளுக்கு ஒன்றுமில்லை. பதினோரு வயதுப் பெண்ணின் தாய், ஓர் ஒழுங்கையைத் தேர்ந்தெடுத்தபோது, மகளின் தொழிலையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தாள் என்பது அவளுக்குத் தெரியாது. சட்டமே அப்போது பிறக்கவில்லை! இப்படிப்பட்ட இணைகளை இத்தாலுகாவின் எந்தத் தெருவிலும் காணலாம். நாம் கற்பிக்கும் வகுப்பிலேயே, "அண்ணன் அங்கே படித்ததால் கிடைக்கவில்லை, அதனால் என்னை இங்கே மாற்றினார்கள்" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு.

எதிர்வழக்கையும் கேட்போம். உதவிபெறும் பள்ளிகளிலே வசதி மிக்கவையும் இருக்கின்றன. நகரங்களிலே ஆங்கிலவழிப் பிரிவு வைத்துக் கட்டணம் வாங்குவோரும் இருக்கின்றனர். எல்லோரையும் சேர்த்தால் ஏழரையை அவர்களே விழுங்கிவிடுவர் என்பது ஒரு வாதம். 2022 ஏப்ரல் 7-ல் சென்னை உயர்நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, உதவிபெறும் பள்ளியாரின் கோரிக்கையை ஏற்கவில்லை. தீர்ப்பின் முதற்பகுதி நமக்கு மகிழ்ச்சி. பிற்பகுதி நமக்கு நிறைவு தரவில்லை. வாதத்திலே உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பதரைப் புடைக்க முறம் இருக்கிறது. நெல்லோடு சேர்த்துக் கொட்டவேண்டியதில்லை. அரசே அந்த முறத்தைக் கையிலெடுத்தும் காட்டிவிட்டது. அரசுப் பள்ளியிலே படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பரில் தொடங்கினர். 2024 டிசம்பரில் அதை உதவிபெறும் பள்ளிகளிலே தமிழ்வழி படித்த பெண்களுக்கும் நீட்டினர். கோடு எங்கே போடுவது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதல்லவா? தமிழ்வழிப் பிரிவு என்ற கோடு ஆயிரம் ரூபாய்க்குச் சரி, மருத்துவ இடத்துக்கு மட்டும் பிழை என்பது எந்த ஊர் நியாயம்? பங்கு குறையும் என்ற அச்சத்துக்கோ, கலையரசன் குழு சொன்ன பத்து ஏட்டிலே கிடக்கிறதே! விட்ட இரண்டரையை எடுத்து இவர்களுக்குக் கொடுத்தால், ஏழரையிலே ஓர் இடமும் குறையாது.

அடுத்த ஓட்டைச் சத்தம் "ஆறு முதல் பன்னிரண்டு வரை" என்ற தொடரிலே கேட்கிறது. ஏழாண்டும் அரசுப் பள்ளியிலே இருந்திருக்கவேண்டும். கடைசி ஈராண்டு மட்டும் வந்து சேர்ந்து ஏய்ப்போரைத் தடுக்க இந்த விதி தேவை, ஒப்புகிறோம். ஆனால் 2020-லும் 2021-லும் கொள்ளைநோய்க் காலத்தில் என்ன நடந்தது? வேலை இழந்த தந்தையர், கட்டணம் கட்ட வழியின்றி, தனியார் பள்ளியிலிருந்து பிள்ளைகளை ஏழிலும் எட்டிலும் அரசுப் பள்ளிக்குக் கொண்டுவந்து விட்டனர். வளைகுடா நாடுகளிலிருந்து வெறுங்கையோடு திரும்பியோர் பலர் உள்ள மாவட்டம் இது. அந்தப் பிள்ளைகள் ஆறாண்டோ ஐந்தாண்டோ அரசுப் பள்ளியிலேயே படித்துத் தேறினும், சட்டம் அவர்களைப் பார்த்து "ஆறாம் வகுப்பிலே எங்கே இருந்தாய்?" என்று கேட்கிறது. வறுமை பஞ்சாங்கம் பார்த்துக் கல்வியாண்டின் தொடக்கத்திலே வருவதில்லையே! இத்தனைக்கும், கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளியிலே எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளியிலே படித்தவரைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே நான்காண்டு போதும் என்று அதே சட்டம் ஓரிடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொண்டதைப் பிறருக்கும் விரித்தால் என்ன?

இவை எல்லாம் திருத்தங்கள். சட்டத்தின் அடிப்படையிலேயே ஒரு குறை உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினோம். இச்சட்டம் அரசுப் பள்ளி மாணாக்கர் என்ற கூட்டத்துக்குப் பங்கு தருகிறது. எந்த ஒரு மாணாக்கனுக்கும் உறுதி தரவில்லை. மாநிலம் முழுவதும் ஒரே பட்டியல். அதிலே மேலே நிற்போர், பயிற்சிக்கூடம் எட்டும் தொலைவிலே உள்ளோரும், ஓராண்டு காத்திருந்து எழுத வல்லோரும். நல்லாசிரியர் அமைந்த சில பள்ளிகள் ஆண்டுதோறும் சிலரை அனுப்பும். மற்றப் பள்ளிகள் ஆண்டுதோறும் ஒருவரையும் அனுப்பா. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து அரசுப் பள்ளியிலே முதல்வனாகத் தேறியவன், "உன் உழைப்புக்கு இது கட்டாயம் கிடைக்கும்" என்று சொல்லக் கேட்டதே இல்லை.

கிடைக்கும் என்று சொன்ன நாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலம் 1960-ல் ஒரு பெருந்திட்டம் வகுத்தது: உயர்நிலைப் பள்ளி முடிப்போரில் மேல்வரிசை எட்டில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம், மேல்வரிசை மூன்றில் ஒரு பங்கினருக்கு அடுத்த நிலைக் கல்லூரிகளில் இடம். டெக்சாசு மாநிலத்தின் கதை இன்னும் சுவையானது. 1996-ல் அங்கே ஒரு வழக்கில், இனம் பார்த்துச் சேர்க்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. சட்டமன்றம் தலைமேல் கைவைத்து உட்கார்ந்துவிடவில்லை. 1997-ல் புதுச் சட்டம் செய்தது: ஒவ்வொரு பள்ளியிலும், அது எந்தப் பள்ளியாயினும், மேல்வரிசை நூற்றுக்குப் பத்துப் பேருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. கறுப்பர் சேரிப் பள்ளிக்கும் அதே பத்து. கோடீசுவரர் பகுதிப் பள்ளிக்கும் அதே பத்து. கறுப்பின உறுப்பினரோடு நாட்டுப்புற வெள்ளையர் உறுப்பினரும் கைகோத்தனர்; அவர்கள் ஊர்ப் பள்ளிகளும் ஆசுடின் நகரத்துப் பெரிய பல்கலைக்கழகத்தைப் பார்த்ததில்லை. வந்து குவிந்தோர் மிகுதியால் 2009-ல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஒரு வரம்பு கட்டினர்: உள்மாநிலச் சேர்க்கையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இவ்வழியில் எடுக்கவேண்டியதில்லை என்றனர். திட்டம் வெற்றி பெற்றதால் வந்த வரம்பு!

நம் நாட்டில் இப்படி எண்ணியதே இல்லையா? எண்ணினோம். சென்னை மாநில அரசு மருத்துவக் கல்லூரி இடங்களை மாவட்டந்தோறும் மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தது. 1968-ல், ராஜேந்திரன் வழக்கில், உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சிறந்தவரைத் தேர்ந்தெடுக்கும் நோக்கத்துக்கும் மாவட்டத்துக்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்பது காரணம். நாம் வழக்கறிஞர் அல்லோம்; ஆயினும் 1968-ன் தீர்ப்பையும் 2022-ன் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று புலப்படுகிறது. முன்னதில் அரசு கையிலே ஆராய்ச்சி இல்லை. பின்னதில் ஒரு குழுவின் ஆராய்ச்சி இருந்தது. பள்ளிவாரி உறுதியையும் ஆராய்ச்சியோடு கொண்டுபோனால் வாயில் முழுக்க மூடப்பட்டதன்று.

எச்சரிக்கையாக ஒன்றும் சொல்லவேண்டும். கடல் கடந்தால் ஈழம். அங்கே 1970-களின் தொடக்கத்தில், தரப்படுத்தல் என்ற பெயரிலே, தமிழ்மொழியில் எழுதிய மாணவன் கூடுதல் மதிப்பெண் பெற்றால்தான் பல்கலைக்கழகம் புகலாம் என்ற அநீதியைச் செய்தனர். பின்னர் மாவட்டப் பங்கு முறை வந்தது. யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு அது அடைத்த கதவு. தமிழரே வாழும் பின்தங்கிய மாவட்டங்கள் சிலவற்றுக்கு அதுவே திறந்த கதவாகவும் இருந்தது. ஒரே கருவி, யார் கையில், எதை அளக்க என்பதைப் பொறுத்து அது மருந்தாகும், நஞ்சாகும். மொழியைத் தண்டிக்கப் பயன்படும் அளவுகோலை நாம் கேட்கவில்லை. பள்ளியின் இல்லாமையை ஈடுசெய்யும் அளவுகோலைக் கேட்கிறோம்.

மருத்துவ இடத்துக்குப் பள்ளிவாரி உறுதி கேட்டால், பள்ளிகளோ பல்லாயிரம், இடங்களோ சில ஆயிரம் என்பர். கணக்கு உண்மை. நீட் காவலனும் நிற்கிறான். அவனை விலக்க 2021-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம் திரும்பி வந்து, 2022-ல் மீண்டும் நிறைவேறி, தில்லிக்குச் சென்று, கடைசியில் இசைவு மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் அறிவித்தனர். ஆகவே உறுதியை முதலில் எங்கே கேட்பது? நூறு பேர் தேறினால் மருத்துவத்துக்குப் போவோர் ஓரிருவர். மற்றத் தொண்ணூற்றெண்மர் என்ன ஆகின்றனர் என்று நாம் அரிதாகவே எழுதுகிறோம். அதுவும் ஒருவகை மேல்தட்டு மோகமே. கலைக் கல்லூரி, அறிவியல் கல்லூரி, பாலிடெக்னிக் என்று போகவேண்டிய அவர்களுக்கு ஏழரையும் இல்லை, எட்டும் இல்லை. கொட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அகத்தீசுவரத்தில் விவேகானந்தா கல்லூரி கூப்பிடு தூரம். பேருந்து ஏறினால் நாகர்கோவிலில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி. கல்லூரிக்குப் பஞ்சமில்லாத வட்டாரம்; வெளியூர்த் தோழர்கள் கேட்டால் பொறாமைப்படுவர். ஆனால் உதவிபெறும் கல்லூரியின் உள்ளே இரண்டு கல்லூரிகள் இருக்கின்றன. அரசு ஊதியம் தரும் பிரிவு ஒன்று. சுயநிதிப் பிரிவு மற்றொன்று. ஒரே கட்டடம், ஒரே மரநிழல், ஒரே பட்டம். கட்டணம் மட்டும் வேறு வேறு. முதற்பிரிவில் இடம் நிரம்பிற்று என்று சொன்னதும், பட்டியலில் சற்றே கீழே நின்ற அரசுப் பள்ளிப் பிள்ளை சுயநிதிப் பிரிவின் கட்டணத்தை விசாரிக்கிறது. தொகையைக் கேட்டு, "வீட்டிலே கேட்டுச் சொல்கிறேன்" என்கிறது. அப்படிச் சொன்ன பிள்ளைகளுள் திரும்பி வராதவரை ஜவுளிக்கடை வாசலிலும் கைப்பேசிக் கடையிலும் நாம் பிறகு பார்க்கிறோம். "சார், வாங்க" என்று நம்மையே வரவேற்கின்றனர்.

இங்கே உறுதி தருவதற்கு எந்த உச்சநீதிமன்றத் தடையும் இல்லை. எந்தத் தில்லி இசைவும் வேண்டியதில்லை. அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழிப் பிரிவிலோ படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய ஒவ்வொருவருக்கும், தம் மாவட்டத்துக்குள் ஓர் அரசுக் கல்லூரியிலோ, உதவிபெறும் கல்லூரியின் உதவிபெறும் பிரிவிலோ, ஓர் இடம். விரும்பிய பாடம் கிடைக்காமல் போகலாம். இடம் கிடைக்காமல் போகக் கூடாது. இடம் போதாத பாடத்துக்குக் கூடுதல் பிரிவு திறக்கவேண்டும். அதற்கு ஆசிரியர் வேண்டும். ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டும். செலவுதான். மாதம் ஆயிரம் ரூபாய், பெண்ணுக்குப் புதுமைப் பெண் என்றும், 2024 முதல் ஆணுக்குத் தமிழ்ப் புதல்வன் என்றும் கொடுக்க முன்வந்த அரசுக் கருவூலத்துக்கு இந்தச் செலவின் பயன் தெரியாதது அன்று. கல்லூரியில் சேர்ந்தால் ஆயிரம் தருகிறோம் என்றவர்கள், சேர இடம் தருகிறோம் என்றும் சொல்லட்டும். வழிச்செலவைக் கொடுத்துவிட்டு வண்டியிலே இடமில்லை என்பது என்ன உபசாரம்?

உயர்நீதிமன்றம் 2022-ல் இச்சட்டத்தை ஏற்றபோது, ஐந்தாண்டுக்குள் இந்த ஒதுக்கீட்டை மறுஆய்வு செய்யவேண்டும் என்றும் சொல்லிற்று. அந்த ஐந்தாண்டு 2027 ஏப்ரலோடு முடிகிறது. மறுஆய்வு என்றதும் சிலர் கத்தரிக்கோலைத் தீட்டுவர். பள்ளிகளைச் சீர்திருத்திவிட்டோம், இனி ஒதுக்கீடு எதற்கு என்பர். அவர்கள் பேசத் தொடங்குமுன் நாம் கேட்டுப் பெறவேண்டிய தாள் ஒன்று உண்டு. 2020 முதல் இந்த ஏழரையால் உள்ளே சென்ற ஒவ்வொரு மாணாக்கரும் எந்தப் பள்ளியிலிருந்து சென்றார், முதன்முறை எழுதியவரா மறுமுறை எழுதியவரா, ஒருவரையும் அனுப்பாத பள்ளிகள் எவை என்ற பட்டியல். மாணாக்கர் பெயர் வேண்டாம். பள்ளியின் பெயர் போதும். தாலுகா வாரியாக அச்சிட்டு வெளியிடுமாறு, இதைப் படிக்கும் தோழர்கள் தத்தம் சட்டமன்ற உறுப்பினருக்கு இந்த மாதமே விண்ணப்பம் அனுப்பட்டும். கொட்டாரத்துப் படிப்பகத்திலே கையெழுத்து வாங்கும் வேலையை நாம் வரும் ஞாயிறு தொடங்குகிறோம். பட்டியல் வந்ததும் அகத்தீசுவரம் தாலுகாவின் பக்கத்தை முதலிலே பார்த்து, இவ்வேட்டிலேயே எழுதுவோம்.